பேச்சுக் கேட்காத தொப்பை

வேம்பு தன் வாழ்நாளில் யாரையும் அதட்டி ஒரு வேலை வாங்கியதில்லை. சேப்பாக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்தார். அதிகாரி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது, எழுதியதைத் தட்டச்சு செய்து மேஜையில் வைப்பது, இதுதான் உத்தியோகம். மந்தைவெளியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடிக்காரர் ஈரத்துணியைப் பிழியாமல் தொங்கவிட்டு இவர்கள் வாசலை நனைத்தால்கூட வாய் திறக்கமாட்டார். காலை அகட்டி வைத்துத் தாண்டிப் போவார். அவர் மனைவி மஹதி அபிராமபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் அதட்ட வேண்டியதை எல்லாம் அவளே அதட்டிக்கொண்டாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை ஷ்ரவண். தொண்ணூற்றெட்டாம் வருஷம் மார்கழியில் மஹதியின் தம்பி சாய்நாத் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, ஷ்ரவணுக்கு கேசட் சொருகி ஆடுகிற, உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேம் செட் ஒன்று வாங்கி வந்தான். கூடவே தன் பிள்ளை ஆடிப் பழசாகிப் போன இன்னொரு செட்டும், இரண்டையும் இணைக்கிற ஒரு ஒயரும் கொண்டுவந்திருந்தான்.

"ஒண்ணை வெச்சுண்டு முழுசா ஆட முடியாதுக்கா. சில ஜந்து ஒரு கேசட்ல கிடைக்கும், இன்னொண்ணுல கிடைக்காது. ரெண்டு பேர் ஒயரைப் போட்டு மாத்திக்கணும்" என்றான்.

ஊர் ஊராக நடந்து, காட்டிலும் குகையிலும் தட்டுப்படும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, அவற்றைச் சண்டைக்குப் பழக்கும் விளையாட்டு அது. சண்டை வந்தால் எந்த அடி அடிக்க வேண்டும் என்று நாம் பொத்தானை அமுக்கிச் சொல்ல வேண்டும். பிராணி அடிக்கும். பெரிய பயில்வான்கள் சிலர் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் ஜெயித்தால் ஒரு மெடல்.

தெருவில் வேறு எந்தப் பிள்ளையிடமும் அந்த செட் கிடையாது. அதனால் வேம்புதான் இரண்டாவது ஆள் ஆனார். தடவித் தடவித்தான் ஆடினார். நெருப்புக் கக்குகிற பிராணியோடு வைக்கோல் மாதிரி ஒன்றை மோதவிடுவார்.

"அப்பா, உனக்கு மூளையே இல்லையா? வைக்கோல் எரிஞ்சுடாதா?" என்று ஷ்ரவண் தலையில் அடித்துக்கொள்வான்.

"அதுவா? நான் கொம்பு இருக்கேன்னு அனுப்பிச்சேன்டா."

ஷ்ரவண் முதன்முதலில் பிடித்த பிராணி பன்றியும் ஆமையும் சேர்ந்து பெற்றது போல இருக்கும். வயிறு தரையில் இழுபடும். அதற்குத் தொப்பை என்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்து, வேறு எதையும் அவ்வளவாகக் கவனிக்காமல் அதையே வளர்த்தான். வளர வளர அது பெரும் பலசாலி ஆயிற்று. அதை எதிர்த்து நிற்க வேம்புவிடம் ஒன்றுமில்லை. தினமும் தோற்பார். தோற்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாசி மாதத்தில் ஷ்ரவணுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனை, மறுபடி பரிசோதனை என்று போய், கடைசியில் அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தப் புற்றுநோய். வைகாசியில் பூணூல் போடுவதாக மண்டபம் பேசியிருந்தார்கள். மஹதி போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போய் இரண்டு வகுப்பும் எடுத்துவிட்டு வந்தாள்.

வார்டில் ஷ்ரவண் கட்டிலில், வேம்பு நாற்காலியில், நடுவே ஒயர். பக்கத்துக் கட்டிலில் ஷண்முகப்ரியா என்று ஒன்பது வயசுப் பெண் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அவள் அப்பா ஜவஹருக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. அம்மா தங்கபுஷ்பம் கூடவே இருந்தாள். அந்தப் பெண் தன் ஊசி வலியை மறந்து கழுத்தை நீட்டி நீட்டி ஷ்ரவணின் திரையைப் பார்ப்பாள். அவனும் செட்டைச் சாய்த்துப் பிடித்துக் காட்டுவான்.

ஆடி மாதம் ஷ்ரவணைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அவன் உடம்பில் எந்தக் கிருமியையும் எதிர்க்கத் தெம்பில்லை. வெளிப்பொருள் எதுவும் உள்ளே போகக்கூடாது. தள்ளுவண்டி வருவதற்கு முன் அவன் ஒயரைக் கேட்டான்.

"அப்பா, தொப்பைய உனக்கு அனுப்பறேன். பதிலுக்கு நீ ஒண்ணு குடு."

"எதுக்குடா? அது உன்னோடதுன்னோ?"

"நான் வர்ற வரைக்கும் நீ வெச்சுண்டு ஆடு. சும்மா கிடந்தா அதுக்கு போர் அடிக்கும்."

பதிலுக்கு அனுப்ப வேம்புவிடம் இருந்தது ஒரு புழு. ஷ்ரவண் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. "புழுவா? சரி, அதையே குடு" என்றான். மாற்றிக்கொண்டார்கள். "எப்போ வெளில விடுவா?" என்று கேட்டான். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை வந்துடலாம்" என்றார் வேம்பு.

வியாழக்கிழமை காலையில் ஷ்ரவண் போய்விட்டான்.

மஹதி அழுதாள், பிறகு எழுந்தாள். பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் வீட்டில் மிச்சமிருந்த மருந்துகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், யாருக்காவது ஆகட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் வேம்பு அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஷ்ரவணோட செட் எங்க?"

"அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன். ஒயரையும் சேர்த்து. பாவம், வாயைத் திறந்துண்டு பாத்துண்டே இருப்பா." மஹதி அவரை ஒரு கணம் பார்த்தாள். "ஆத்துல வெச்சுண்டு நாம என்ன பண்ணப்போறோம்?"

"ம்" என்றார் வேம்பு. கொடுத்துவிட்ட பிறகு சொல்லி என்ன என்று இருந்துவிட்டார். அவருடைய பழைய செட் ஆபீஸ் பையில் இருந்ததால் தப்பியது.

மறுநாள் வேலைக்குக் கிளம்பினார். திருமயிலையிலிருந்து பறக்கும் ரயில் விட்ட புதிது. ஜனங்கள் இன்னும் பழகவில்லை. ஒரு பெட்டியில் நாலு பேர் இருந்தால் அதிகம். வேம்பு ஜன்னலோரம் உட்கார்ந்து செட்டை எடுத்தார். தொப்பை இருந்தது. அதன் பக்கத்தைத் திறந்தால், எவ்வளவு பலம், என்னென்ன அடி தெரியும் என்ற விவரங்களுக்குக் கீழே, அதை முதலில் பிடித்து வளர்த்தவர் பெயர் என்ற இடத்தில் ஷ்ரவண் என்று இருந்தது. அவர் அதையே லைட் ஹவுஸ் நிலையம் வரை பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்புறம் ஒரு சண்டை வந்தது. சாதாரண எலி மாதிரி ஒன்று. தொப்பையை இறக்கினார். மோது என்று பொத்தானை அமுக்கினார். தொப்பை முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. எலி கடித்தது. மறுபடி அமுக்கினார். தொப்பை தூங்க ஆரம்பித்தது. எழுந்த பிறகு இன்னொரு முறை சொன்னார். அவர் சொன்னதை விட்டுவிட்டு, தன்னைத்தானே முட்டிக்கொண்டது.

தான்தான் தவறாக அமுக்கிவிட்டோம் என்று நினைத்தார். சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. ஷ்ரவண் கையில் இருந்தபோது சொல்லி வாய் மூடுவதற்குள் பாய்ந்த பிராணி, இவர் சொன்னால் பார்க்காத மாதிரி இருந்தது. எப்போதாவது ஒருமுறை கேட்கும். நம்பிக்கை வரும். அடுத்த முறை தூங்கிவிடும்.

வேம்பு படித்தவர். அது ஒரு பொம்மை என்று தெரியும். தெரிந்தும், ரயில் ஓட ஓட, வெள்ளிக்கிழமை என்று சொன்னோமே, சொல்லிவிட்டோமே என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறான் என்றே தோன்ற ஆரம்பித்தது. இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்க மறந்து, கடைசி நிலையமான கடற்கரை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். ஆபீஸில் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகும் கோப்பு அறையில் உட்கார்ந்திருப்பார். அதிகாரி சொன்ன ஒரு கடிதத்தில் பாதியை விட்டுவிட்டார். அவர் சர்வீஸில் நடக்காத விஷயம். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள்.

மெமோவை மஹதி பார்த்தாள்.

"என்னன்னா இது? ரயில்ல உக்காந்து பொம்மையை வெச்சுண்டு பேசிண்டிருக்கேளாமே? எங்க ஸ்கூல் கிளார்க் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்றான். நேக்கு எங்க முகத்தை வெச்சுக்கறதுன்னே தெரியலை."

"அது என் பேச்சைக் கேக்கமாட்டேங்கறது, மஹதி."

"எது?"

"தொப்பை."

மஹதி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை அப்படியே மூடினாள். பிறகு மெல்லிய குரலில், "அது அவன் இல்லை" என்றாள்.

"தெரியும்."

"தெரியும்னா அதைத் தூக்கி எறியுங்கோ."

அவர் எறியவில்லை. அவளும் அதற்கப்புறம் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் காதில் விழாமல் இன்னொருவர் நடமாடப் பழகிக்கொண்டார்கள்.

புரட்டாசியில் வேம்புவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஷ்ரவண் ஆடிய கேசட் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. ஒயரும் அவளிடம்தான். தொப்பையை அந்தக் கேசட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டால், அது தன் பழைய இடத்தில் சௌக்கியமாக இருக்குமே. ஷ்ரவண் விட்டு வைத்திருந்த மற்றதையும் ஒருமுறை பார்க்கலாம். மஹதியிடம் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை மத்தியானம் விசாரித்துக்கொண்டு தி.நகர் போனார்.

பாத்திரக் கடைக்கு மேலேயே வீடு. படியெல்லாம் வைக்கோலும் பித்தளை அண்டாக்களும். தங்கபுஷ்பம் அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்கண்ணாச்சி, வாங்க. டீச்சரம்மா நல்லாருக்காங்களா? பிரியாவுக்கு இப்ப பரவால்ல. நீங்க குடுத்த பெட்டிய வச்சுத்தான் அவ ஊசியெல்லாம் தாங்கிக்கிட்டா. டீச்சரம்மாவ நெனக்காத நாளில்ல."

ஷண்முகப்ரியா தலையில் துணி கட்டியிருந்தாள். துணியின் ஓரத்தில் முடி பூனை ரோமம் மாதிரி முளைத்திருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அதைப் பார்த்து வேம்புவுக்கு மகிழ்ச்சி வர வேண்டும். வரவில்லை. வராதது அவருக்கே தெரிந்து கூசியது.

"ஷ்ரவண் ஆடினதை ஒருதரம் பாக்கலாமாம்மா?"

அவள் செட்டைப் போட்டு நீட்டினாள். ஆடுபவர் பெயர் இருக்கும் இடத்தில் பிரியா என்று இருந்தது.

"இது உன்னோடது. அவனோடது எங்க?"

"புதுசா ஆரம்பிச்சா பழசு போயிரும் அங்கிள். இதுல ஒரு ஆளு ஆட்டந்தான் நிக்கும்."

"அவன் பிடிச்சு வெச்சிருந்ததெல்லாம்?"

"அதுவுந்தான் போயிரும்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டாள். "எனக்கு மொதல்லேருந்து ஆடணும்னு ஆசையா இருந்துச்சு அங்கிள்."

வேம்பு தலையை ஆட்டினார். அவன் நடந்த ஊர்கள், வாங்கிய மெடல்கள், கடைசியாக அவர் கொடுத்த புழு, எதுவும் இல்லை. தங்கபுஷ்பம் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். நாக்கு வெந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெண் அவர் கையிலிருந்த பழைய செட்டைப் பார்த்துவிட்டாள். "ஐ, தொப்பை! இது ஷ்ரவண் அண்ணன் வளத்ததுல்லா?"

"ஆமா. ஆனா நான் சொன்னா கேக்கமாட்டேங்கறது."

"கேக்காது அங்கிள். நீங்க வளக்கலைல்லா? இன்னொருத்தர்ட்டருந்து வாங்குனது பெருசா இருந்தா, நமக்கு மெடல் பத்தலைன்னா மதிக்காது. அந்தப் பயில்வானுங்கள ஜெயிக்கும்போது அவங்களே சொல்லுவாங்க, நீங்க படிக்கலியா? எல்லா மெடலும் வாங்கிட்டா எது சொன்னாலும் கேக்கும்."

அவ்வளவுதான் விஷயம். கோபமில்லை, வருத்தமில்லை. விளையாட்டில் யாரோ எழுதி வைத்த சட்டம். வேம்பு படியிறங்கி, உஸ்மான் ரோடு கூட்டத்தில் தள்ளிய பக்கமெல்லாம் தள்ளப்பட்டு, பனகல் பூங்காவுக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளை கோபமாக இருக்கிறான் என்று நினைத்தபோது பிள்ளை எங்கோ இருந்தான். இப்போது அதுவும் இல்லை.

வீட்டுக்குப் போனதும், "எங்க போயிட்டு வரேள்?" என்று மஹதி கேட்டாள்.

"சும்மா, பனகல் பார்க் வரைக்கும்."

அழிந்துபோனதைச் சொல்லவில்லை. நல்லது என்று நினைத்துக் கொடுத்தாள். அந்த நல்லதாவது அவளுக்கு மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் முறையாக ஆட ஆரம்பித்தார். தொப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு, தன்னிடமிருந்த நோஞ்சான்களைப் பழக்கினார். எது எதை எரிக்கும், எது எதை நனைக்கும் என்று மகன் சொல்லிச் சொல்லி அலுத்ததெல்லாம் இப்போது நினைவுக்கு வந்தது. ஐப்பசி மழையில் ரயில் ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும். செட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஆடுவார். ஒவ்வொரு பயில்வானாக விழுந்தான். கடைசி மெடலும் கிடைத்தது.

அன்று சாயங்காலம் சேப்பாக்கம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது தொப்பையை இறக்கினார். எதிரே ஒரு வௌவால். மோது என்றார். தொப்பை மோதியது. ஒரே அடி. வௌவால் விழுந்தது.

ரயில் வந்தது, போனது. இன்னொரு சண்டையைத் தேடிப் போனார். சொன்னார், செய்தது. வேண்டுமென்றே அசட்டுத்தனமான கட்டளை கொடுத்தார். அடிபட்டுக் கிடக்கும்போது முட்டு என்றார். முட்டியது. எந்தப் பயனும் இல்லாத அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று காத்திருந்தார். அது திருப்பிக்கொள்ளவில்லை. அவர் பிடித்த மற்ற நோஞ்சான்களைப் போலவே அதுவும் சொன்னதைச் செய்தது. அந்த நடைமேடையில்தான் வேம்பு, பிள்ளை போனபிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். சுண்டல் விற்கிறவர் வந்து, "இன்னா சார், இன்னா ஆச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று தோளைத் தொட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

அடுத்து வந்த நாட்களிலும் அதைச் சோதித்துக்கொண்டேதான் இருந்தார். அது ஒருமுறைகூட மறுக்கவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கபுஷ்பம் மகளை அழைத்துக்கொண்டு மந்தைவெளிக்கு வந்தாள். டாக்டர் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு தூக்கு நிறைய அதிரசம். மஹதி அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள். தடவிய கையை எடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஷண்முகப்ரியா செட்டும் ஒயரும் கொண்டுவந்திருந்தாள். "அங்கிள், தொப்பைய எனக்குத் தாங்களேன். நான் நல்லதா ஒண்ணு தாரேன். என்ட்ட எல்லா மெடலும் இருக்கு. என் பேச்சைக் கேக்கும்."

"குடுக்க முடியாது."

அந்தக் குரல் வேம்புவிடமிருந்து வந்தது என்று மஹதியால் நம்பமுடியவில்லை. குழந்தை பயந்து அம்மா பக்கம் ஒதுங்கினாள். தங்கபுஷ்பம் திகைத்தாள். குழந்தை உதட்டைப் பிதுக்கி அழப் பார்த்தாள். "அண்ணன் ஆடுனத நான் அழிச்சிட்டேன்னு அங்கிளுக்குக் கோவம்மா. அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்பவே."

"எதை அழிச்சே?" என்றாள் மஹதி.

குழந்தை சொன்னாள். மஹதி கேட்டுக்கொண்டாள். கோபமில்லை என்று சொல்லி அதிரசத்தில் ஒன்றை அவள் வாயில் வைத்தாள். போகும்போது குங்குமம் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். கதவைச் சாத்திய பிறகு அங்கேயே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லி என்ன ஆகப்போறது?"

"நான் போய்... என் கையால தூக்கிக் குடுத்தேனே."

மஹதி வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். அவர் செட்டைக் கொடுத்து, எந்தப் பொத்தான் என்று காட்டினார். பிள்ளையின் பெயர் இருக்கும் பக்கம் வந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இத்தனை மாதங்களில் அவள் அந்தத் திரையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இப்போ கேக்கறதா உங்க பேச்சை?"

"கேக்கறது. யார் அமுக்கினாலும் கேக்கும்."

ஒரு சண்டை வந்தது. அவர் அவள் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தார். மஹதி அமுக்கினாள். தொப்பை பாய்ந்தது. அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடி பாய்ந்தது. அவள் செட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடிக்காரரின் துணியிலிருந்து தண்ணீர் வாசலில் கொட்டும் சத்தம் கேட்டது. வேம்பு எழுந்து கொடியில் கிடந்த தங்கள் துணிகளை எடுக்கப் போனார். மஹதி இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. விளக்குப் போடவும் யாருக்கும் தோன்றவில்லை.